பெண்கள் பக்கத்துக் கேமரா

“இந்த டப்பாவுலயா என் மருமவள எடுக்கப் போற?”

கேட்டவர் மாப்பிள்ளை உஸைரின் அம்மா. முப்பது வருஷம் பிரான்சில் இருந்துவிட்டு மகன் கல்யாணத்துக்காகப் புதுச்சேரி வந்திருந்தார். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அவர் பிரான்சு மாமி. பெண் வீட்டுக் கூடத்தில், பத்துப் பதினைந்து பெண்கள் முன்னால், என் கேமராவை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அந்த விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

என் பெயர் ஜஹபர் நிஷா. பதினைந்து வருஷமாகக் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் மட்டும் போட்டோ எடுக்கிறேன். எங்கள் வீட்டு நிக்காஹ்களில் ஆண்கள் கீழே, பெண்கள் மாடியில். மாடிக்கு ஆண்கள் யாரும் வரமாட்டார்கள் என்பதால் பெண்கள் முக்காட்டைத் தள்ளிவிட்டு, தலை நிறையப் பூவோடு, இருக்கிற நகையெல்லாம் போட்டுக்கொண்டு வாய்விட்டுச் சிரிப்பார்கள். அந்த முகங்களை வெளி ஆண்கள் பார்க்கக் கூடாது. ஆனால் போட்டோவும் வேண்டும். அதற்குத்தான் நான்.

இதற்கு நானே ஒரு முறை வைத்திருக்கிறேன். பெண்ணின் அம்மாதான் கடைக்குப் போய்ப் புது மெமரி கார்டு வாங்கி வர வேண்டும். உறையை எல்லோர் கண் முன்னாலும் பிரித்துக் கேமராவில் போடுவேன். விசேஷம் முடிந்ததும் எல்லோர் கண் முன்னாலும் எடுத்து அந்த அம்மா கையில் வைப்பேன். “இதுல இருக்கறது மட்டுந்தான். வேற எங்கயும் இல்ல. நீங்க நம்பிக் குடுத்த அமானிதத்த உங்க கையில சேத்துட்டேன்” என்று சொன்ன பிறகுதான் பிரியாணிக்கே உட்காருவேன். ஆல்பம் போட அவர்களே கார்டோடு என் வீட்டுக்கு வருவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள், பிரின்ட் போட்டதும் கார்டை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். என் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட்டே கிடையாது. பதினைந்து வருஷத்தில் நான் எடுத்த ஒரு முகம்கூட வெளியே போனதில்லை. வேறு யாராவது இப்படி மார்தட்டிச் சொல்லட்டும் பார்ப்போம்.

அப்படிப்பட்ட என்னிடம் டப்பா என்றால் சும்மா இருப்பேனா?

“டப்பாதான் மாமி. ஆனா இந்த டப்பாவுக்கு வாய் கெடையாது. உள்ள போனது வெளிய வராது” என்றேன்.

நாலு பேர் சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை.

“வாய் இல்லன்னா பரவால்ல, கண்ணு இருக்கா? நிச்சயத்துக்கு நீ எடுத்தத பாத்தேன். மூஞ்சி பூரா ரவ கொட்டுன மாதிரி இருக்கு. இந்தக் காலத்துல ப்ரொபஷனல் கேமரா இல்லாம யாரு கல்யாணம் பண்றாங்க? அது உன்கிட்ட இல்லன்னா சொல்லிடு, வேற ஆள பாத்துக்கறோம்.”

பெண்ணின் அம்மா சபுரா மாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். சம்பந்தி வீட்டை எதிர்த்துப் பேசவும் முடியாது, என்னை விடவும் மனசில்லை. நான் கேமராவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். கோபத்தைவிட, மாமி சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அதிகமாக வலித்தது.

அங்கிருந்து நேரே லினெட் வீட்டுக்குப் போனேன். லினெட்டும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவள் மாதா கோவில் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். சர்ச் கல்யாணம், ஞானஸ்நானம், பிள்ளைகளின் புதுநன்மைச் சடங்கு எல்லாம் அவள் எடுப்பது. ஆறு மாதத்துக்கு முன்னால்தான் ஒரு புது ப்ரொபஷனல் கேமரா வாங்கியிருந்தாள். நடந்ததைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“இன்னாடி சிரிப்பு? உன் புதுசவிட என் பழசு ஒண்ணும் மட்டமில்ல.”

“அப்படியா? சரி வா, ரெண்டையும் பாத்துடலாம்.”

மறுநாள் காலையில் இரண்டையும் தூக்கிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போனோம். பூக்காரி தையல்நாயகியை மாடலாகப் பிடித்தோம். முதலில் வாசலில் வெயில் விழும் இடத்தில் ஆளுக்கு ஒரு படம். பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே, பட்டப்பகலிலும் பல்பு எரியும் சந்தில் ஆளுக்கு ஒரு படம்.

என்னுடையது படிக்கிற பிள்ளைகளுக்காக லென்ஸோடு சேர்த்து ஒரே பெட்டியில் போட்டு விற்ற கேமரா. பன்னிரண்டு மெகாபிக்சல். ஒரு நொடிக்கு மூன்று படம் எடுக்கும், அதற்கே மூச்சு வாங்கும். ஃபோகஸுக்கு ஒன்பது புள்ளி, அதில் நடுவில் இருப்பதைத்தான் நான் நம்புவேன். பேட்டரி மூடி உடைந்து இரண்டு வருஷமாக ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன். லினெட்டுடையதோ நாற்பத்தைந்து மெகாபிக்சல், நொடிக்கு இருபது படம். எதிரில் இருப்பவர் கண் எங்கே போனாலும் ஃபோகஸ் அதன் பின்னாலேயே போகும். எடுக்கும்போது சத்தமே வராது. அதை அவள் பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்குவாள்.

நாலு படத்தையும் ஒரே அளவில் பிரின்ட் போட்டு, எது யார் எடுத்தது என்று சொல்லாமல் தையல்நாயகியிடம் நீட்டினோம். வெயிலில் எடுத்த இரண்டில் அவள் டக்கென்று என்னுடையதை எடுத்துக்கொண்டாள்.

“இதுல நான் நானா இருக்கேன். அதுல என் மூஞ்சில இருக்கற கோட எல்லாம் எண்ணிடலாம் போல. எனக்கே தெரியாம இத்தினி கோடா?”

நான் மார்க்கெட் என்றும் பார்க்காமல் ஒரு குதி குதித்தேன். “ஆடத் தெரியாதவளுக்குத்தான்டி கூடம் கோணல்!” என்று லினெட் தோளில் ஒன்று வைத்தேன்.

அப்புறம் சந்துக்குள் எடுத்த இரண்டைப் பார்த்தாள். என் படத்தில் தையல்நாயகியே அரைகுறையாகத்தான் தெரிந்தாள். பூக்கூடை ஒரு வெள்ளைத் தீற்றல். மாமி சொன்ன அதே ரவை. லினெட் படத்தில் ஒவ்வொரு மல்லி மொட்டும் தனித்தனியாகத் தெரிந்தது, மூக்குத்தியில் பல்பு வெளிச்சம் தெரிந்தது. தையல்நாயகி அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். லினெட் சிரித்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன்.

“ஒத்துக்கறேன்டி தாயே. வெளிச்சம் இருந்தா என் பழசு யாருக்கும் சளைச்சதில்ல. வெளிச்சம் போனா அதுக்கு மாலக்கண்ணு.”

“ஞாயித்துக்கெழம எனக்குக் கல்யாணம் எதுவும் இல்ல. எடுத்துட்டுப் போ” என்றாள் லினெட். “கீழ மட்டும் போட்டுடாத.”

எந்தப் பொத்தான் எதற்கு என்று ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தாள். கார்டைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பதினைந்து வருஷம் கார்டு போட்டு எடுத்தவளுக்கு அதைப் போய் யாராவது சொல்லித்தருவார்களா?

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு நிக்காஹ். உழவர்கரையில் ஒரு மண்டபம். மாடியில் சிவப்பும் பச்சையுமாக விளக்குப் போட்டு, ஜன்னலையெல்லாம் திரையால் மூடி வைத்திருந்தார்கள். என் பழசாக இருந்தால் அங்கேயே படுத்திருக்கும். சபுரா மாமி புதுக் கார்டை நீட்டினார். எல்லோரும் பார்க்க உறையைப் பிரித்தேன். கேமராவின் பக்கவாட்டு மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு இடம் இருந்தது. ஒன்றில் லினெட்டின் கார்டு ஏற்கெனவே செருகியிருந்தது.

அதை எடுத்து வெளியே வைக்கலாமா என்று நினைத்தேன். கை அதுவரைக்கும் போனது. ஆனால் அடுத்தவள் கார்டு, யார் வீட்டுப் படம் அதில் இருக்கிறதோ. அவளை நம்பிக் கொடுத்த அமானிதம் அது, நான் யார் தொடுவதற்கு? அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, காலி இடத்தில் சபுரா மாமியின் கார்டைப் போட்டு மூடினேன். என் பழசுக்கு ஒரே ஒரு இடம்தான். எதைப் போடுகிறோமோ அதில்தான் எழுதும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை ஆரம்பித்ததும் எனக்கே என் மேல் பொறாமை வந்துவிட்டது. என் பழசு டக் என்று சத்தம் போட்டதும் பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு விறைப்பாக நிற்பார்கள். இது சத்தமே போடாததால் ஒருவரும் கவனிக்கவில்லை. பெண் அரீபா, மருதாணிக் கையால் தொட முடியாமல் மூக்கைச் சொறியச் சொல்லித் தங்கையிடம் கெஞ்சியதை எடுத்தேன். சபுரா மாமி தூணுக்குப் பின்னால் நின்று யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்ததை எடுத்தேன். பிரான்சு மாமி வந்து கேமராத் திரையை எட்டிப் பார்த்தார்.

“வுவாலா! இதுதான் கேமரா” என்று பிரெஞ்சு கலந்து மெச்சினார்.

எடுத்த கையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இருந்தாலும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனேன்.

இரண்டரை மணிக்கு வேலை முடிந்தது. வழக்கம்போல் எல்லோரையும் கூப்பிட்டு, கார்டை எடுத்து, சபுரா மாமி உள்ளங்கையில் வைத்தேன். “இதுல இருக்கறது மட்டுந்தான். வேற எங்கயும் இல்ல.” நூறு பேர் கேட்டார்கள். பிரான்சு மாமியும் கேட்டார். பிரியாணியில் எனக்கென்று நல்ல கறியாகப் பார்த்து வைத்தார்கள்.

நாலு மணிக்குக் கேமராவைத் திருப்பிக் கொடுக்க லினெட் வீட்டுக்குப் போனேன். அவள் வாங்கினதும் முதல் வேலையாகத் திருப்பித் திருப்பிக் கீறல் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு ஆன் பண்ணி ஒரு பொத்தானை அழுத்தினாள்.

“அடியே! சூப்பரா எடுத்திருக்க!”

எட்டிப் பார்த்தேன். திரையில் அரீபா. தலையில் முக்காடு இல்லாமல், மூக்கைச் சுளித்துக்கொண்டு.

“இது எப்படி இதுல இருக்கு? கார்ட எடுத்துக் குடுத்துட்டனே!”

“ரெண்டு கார்டுலயும் எழுதற மாதிரி வெச்சிருக்கேன். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும்ல. அதுக்குத்தான இந்தக் கேமராவே?”

“உன் கார்டுல உன் படம் இருக்கும்னு தொடாம விட்டேன்டி.”

“அது காலி கார்டுடி. எடுத்து வெச்சிருக்கலாமே.”

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நூறு பெண்களின் முகம் என் தோள் பையில் மண்டபத்தைவிட்டு வெளியே வந்திருக்கிறது. பஸ்ஸில் வந்திருக்கிறது. வேறு எங்கேயும் இல்லை என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு, நல்ல கறியாகத் தின்றுவிட்டு வந்திருக்கிறேன்.

லினெட்டுக்குப் புரிந்தது. “இதுக்குப் போயா? இப்பவே ஃபார்மேட் பண்ணிடறேன். ஒரே ஒரு அமுக்கு. யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியும்ல.”

“அழிச்சிட்டேன்னு போன் பண்ணி வேணா சொல்லிடு. நீ சொன்னா நம்புவாங்க.”

“நம்புவாங்கடி. அதனாலதான் அழிக்கக் கூடாது. பூனை கண்ண மூடிக்கிட்டா ஊரு இருட்டாயிடுமா? இத அவங்க முன்னால வெச்சி, உண்மையச் சொல்லணும்.”

“அப்புறம் ஒருத்தி கூப்புட மாட்டா உன்ன.”

அது எனக்குத் தெரியாதா? கேமரா இல்லாவிட்டால் கடன் வாங்கிக்கொள்ளலாம். பெண்கள் பக்கம் என்னை ஏற விடுவதே ‘வேற எங்கயும் இல்ல’ என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். அது போனால் நான் வெறும் ரப்பர் பேண்டு போட்ட டப்பாக்காரி. ஆனால் எழுந்து செருப்பை மாட்டினேன்.

லினெட் கேமராவிலிருந்து கார்டை உருவினாள். “என் கார்டுதான, நானும் வரேன். உன்ன தனியா அனுப்பிட்டு நான் இங்க ஒக்காந்து காப்பி குடிக்கவா?” என்று ஸ்கூட்டரை எடுத்தாள்.

பெண் வீட்டு மாடியில் அரீபாவை அழைத்துப் போக மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். ஐந்து மணி இருக்கும். டீயும் சமோசாவும் போய்க்கொண்டிருந்தது. நடுவில் போய் நின்று, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி, கார்டை டீ ட்ரேயின் ஓரத்தில் வைத்தேன்.

பிரான்சு மாமிதான் முதலில் பேசினார். “அப்ப எங்க முன்னால பொய் சொல்லியிருக்க.”

“ஆமா மாமி. தெரியாம சொன்னேன். ஆனா பொய்தான்.”

“இன்னும் எத்தன கார்டுல இருக்கோ! போன்ல இருக்கோ, கம்ப்யூட்டர்ல இருக்கோ!”

“இல்லங்க மதாம், கேமராவுல ரெண்டே ரெண்டு கார்டுதான்...” என்று லினெட் ஆரம்பித்தாள். மாமி கையைக் காட்டி அவளை நிறுத்திவிட்டார். ஓரத்தில் ஒரு அம்மா, “அடுத்த மாசம் எங்க வீட்டுக்கு இவளத்தான் சொல்லியிருக்கு” என்று பக்கத்தில் இருந்தவர் காதைக் கடித்தார். எனக்குக் கேட்கிற மாதிரியே கடித்தார்.

வழக்கமாக இதற்குப் பத்துப் பதில் என் வாயில் தயாராக இருக்கும். அன்று எல்லாவற்றையும் விழுங்கினேன். “இவ்ளோதான் மாமி. இதுக்கு மேல காட்ட என்கிட்ட ஒண்ணும் இல்ல. பொண்ணுங்க பக்கம் இனிமே நான் வர வேணாம்னு சொன்னாலும் சரி, கேட்டுக்கறேன்.”

அப்போது அறைக்குள்ளிருந்து அரீபா வெளியே வந்தாள். புறப்படும் நேரத்துக் கல்யாணப் பெண் குரலை உயர்த்த மாட்டாள். இவள் உயர்த்தினாள்.

“ம்மா, மதியானம் அக்கா குடுத்த கார்டு எங்க?”

சபுரா மாமி மடியைத் தடவினார். பிறகுதான் நினைவு வந்தது. “கூட்டத்துல தொலஞ்சிடும்னு ஸாகிப்கிட்ட குடுத்தேன்மா.”

ஸாகிப் அரீபாவின் அண்ணன். மாடிப்படியில் நின்று கூப்பிட்டார்கள். பாதிப் படியில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு பதில் சொன்னான். “என்கிட்டதான் இருக்கு. லேப்டாப்ல ஏத்திக் குடுன்னு உஸைர் மச்சானோட கூட்டாளிங்க கேட்டாங்க. சார்ஜ் இல்ல, அதான் இன்னும் ஏத்தல.”

ஒரு பெண் “யா அல்லாஹ்” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். காதைக் கடித்த அம்மா தானாக முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பிரான்சு மாமியின் முகம் செத்துப்போனது. கேட்டது அவர் மகனின் கூட்டாளிகள்.

பதினைந்து வருஷமாக நான் கார்டைக் கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். என் கையை விட்டுப் போனால் போதும், என் மேல் பழி இல்லை என்று. அப்புறம் அது எங்கே போகிறது என்று ஒரு நாளாவது நினைத்தேனா? எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

அரீபா படிக்குப் போய்க் கையை நீட்டி அந்தக் கார்டை வாங்கி வந்தாள். ட்ரேயில் இருந்ததையும் எடுத்தாள். இரண்டையும் என் கையில் வைத்து, என் விரல்களை அவளே மடக்கினாள்.

“ரெண்டும் அக்காகிட்ட இருக்கட்டும். வீட்ல இருந்தா ஒருத்தர் இல்லன்னா ஒருத்தர் பாப்பாங்க. மறச்சிருக்கலாம், ஆனாலும் தேடி வந்து சொன்னவங்க இவங்கதான். என் மூஞ்சி, நான் சொல்றேன்.”

சபுரா மாமி தலையாட்டினார். அந்த ஓரத்து அம்மா, “எங்க வீட்டுதும் இனி உன்கிட்டயே இருக்கட்டும் நிஷா. போன வருஷம் பெரியவ கல்யாணத்துக் கார்டு எங்க கெடக்குதுன்னே தெரியல, நாளைக்குத் தேடி எடுத்துட்டு வரேன்” என்றார்.

சொல்லிவிடுகிறேன், எனக்குப் பெருமை பிடிபடவில்லை. முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லாமல் லினெட்டைப் பார்த்தேன். அவள் என்னைவிட மோசம், மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். அவள் கார்டு இனி அவளுக்கு இல்லை என்பது நினைவிருந்ததோ என்னவோ.

கிளம்பும்போது பிரான்சு மாமி படிவரைக்கும் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். “நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு வலீமா விருந்து. அங்கயும் பொண்ணுங்க பக்கம் மாடிதான். சீக்கிரம் வந்துடு.”

“எந்தக் கேமரா கொண்டு வரட்டும் மதாம்?” என்றாள் லினெட், துடுக்காக.

“அத ஏன்மா என்னக் கேக்குற? எடுக்கறவ அவ. அவளக் கேளு.”

இரண்டு கார்டையும் கைக்குள் பொத்திக்கொண்டு படி இறங்கினேன்.